வானொலி இல்லாத கார்

வானொலியில் பேசிச் சம்பளம் வாங்கும் நான், வானொலியே வைக்காத ஒரு காரின் மேல் பல வருடமாக ஆசை வைத்திருக்கிறேன். மெக்லாரன் எஃப்1 என்பது அதன் பெயர். 1990-களில் வந்த அந்தக் காரில் குறுந்தட்டு போட்டுப் பாட்டுக் கேட்கலாம். அதற்கென்றே எடை குறைந்த ஒலிக்கருவியை கென்வுட் நிறுவனம் செய்து கொடுத்தது. வானொலி மட்டும் கிடையாது. காரில் ஏறும் ஒவ்வொரு பொருளையும் ‘இது இல்லாமல் முடியுமா’ என்று கணக்குப் பார்த்தவர் அதை வடிவமைத்தவர். அந்தக் கணக்கில் எங்கள் தொழில் தோற்றுப்போனது. பரவாயில்லை, எனக்குக் கோபம் இல்லை.

அவர் பெயர் கார்டன் மரே. அவரைப் பற்றி இந்த வாரம் எழுதக் காரணம், நிகழ்ச்சிக்கு வந்த ஒரு குரல் பதிவு. கிள்ளானிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது.

“தங்கச்சி, என் மகனுக்குப் பதினேழு வயசு. எஸ்பிஎம் எழுதப் போறான். புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறான். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் வாசல்ல மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். வாயைத் திறந்தா ரேஸ், ரேஸ்தான். எனக்குப் பயமா இருக்கும்மா.”

இரண்டு பாட்டுக்கு நடுவே கிடைக்கிற ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய விஷயமில்லை இது. இங்கே இடம் இருக்கிறது, சொல்கிறேன்.

பந்தயக் காய்ச்சல் எனக்கும் உண்டு. 1999 அக்டோபரில் சிப்பாங்கில் முதல் எஃப்1 பந்தயம் நடந்தபோது எனக்குப் பத்து வயது. டிக்கெட் வாங்குகிற வசதி வீட்டில் இல்லை. தொலைக்காட்சி முன்னால் அப்பாவும் நானும் உட்கார்ந்து, கால் முறிவிலிருந்து மீண்டுவந்த மைக்கல் ஷூமாக்கர், சக ஓட்டுநர் எட்டி இர்வைனுக்கு வழிவிட்டு அவரை முதலிடத்துக்கு அனுப்பியதைப் பார்த்தோம். பின்னாளில் ஊடகத் துறை படித்தபோது, சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி, புல்மேட்டில் நின்று அந்த எஞ்சின் சத்தத்தை நேரில் கேட்டேன். ஒலிதான் பிழைப்பு என்று எனக்குள் முடிவானதில் அந்தச் சத்தத்துக்கும் பங்கு உண்டு. சிப்பாங்கில் எஃப்1 பந்தயம் 2017-ஓடு நின்றுபோனது. காய்ச்சல் நிற்கவில்லை.

மரேக்கு அந்தக் காய்ச்சல் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டது. 1946-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். அப்பா மெக்கானிக், பந்தய வண்டிகளைத் தயார்செய்து கொடுப்பவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்கிற பையனுக்கு ஸ்பானரும் கிரீஸும் விளையாட்டுச் சாமான் மாதிரி. பந்தய ஓட்டுநர் ஆகவேண்டும் என்பதுதான் அவருடைய முதல் கனவு. ஆனால் பந்தயக் கார் வாங்கப் பணம் இல்லை.

வாங்க முடியாததை அவரே செய்தார். நேட்டால் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டே, ஃபோர்டு ஆங்லியா என்ற சாதாரணக் குடும்பக் காரின் சின்ன எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றிச் சொந்தமாக ஒரு பந்தயக் காரை வரைந்து கட்டினார். இயான் கார்டன் மரே என்ற முழுப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, ‘ஐஜிஎம் ஃபோர்டு’ என்று அதற்குப் பெயர். 1967-லும் 1968-லும் அந்தக் காரைத் தானே ஓட்டிப் பந்தயங்களில் கலந்துகொண்டார்.

சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு பெரிய கார்களோடு எப்படி மோதுவது? எடையைக் குறைக்கவேண்டும். நம் ஊரில் மோட்டார் ஓட்டுகிற யாருக்கும் இது புரியும். பின்னால் பத்து கிலோ அரிசி மூட்டையை வைத்துக் கட்டிப் பாருங்கள். கிளம்பும்போது இழுக்கும், பிரேக் பிடித்தால் தள்ளும், வளைவில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்காது. மூட்டையை இறக்கினால் மூன்றும் ஒரே நேரத்தில் சரியாகும். எஞ்சினைப் பெரிதாக்கினால் நேர்ச்சாலையில் வேகம் கிடைக்கும். எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் கிடைக்கும். மரே தன் வாழ்நாள் முழுக்கச் செய்தது இந்த மூட்டை இறக்கும் வேலைதான்.

டர்பன் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. 1860-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் போன முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறங்கிய துறைமுகம் அது. நம் முன்னோர் இங்கே ரப்பர் தோட்டங்களுக்கு வந்ததுபோல, அவர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். மரே காரைக் கட்டிய 1960-களில் அந்த ஊரில் நிறவெறிச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் படித்த கல்லூரி ஒரு பக்கம், இந்தியப் பிள்ளைகளுக்கான எம். எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே நிறுவனமாக இணைந்தது 2002-ல்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதே ஊரில், அதே வயதில், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லிவிடுகிற தமிழ்ப் பையன் ஒருவனாவது இருந்திருப்பான். மரேயின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திறமைக்கு ஒரு பட்டறை கிடைத்தது, கல்லூரி கிடைத்தது, ஓட்டிப் பார்க்க ஒரு பந்தயத்தடம் கிடைத்தது. மூன்றும் சேர்ந்து கிடைத்தவனின் ஆசை காராக மாறியது.

1969 கடைசியில் மரே இங்கிலாந்துக்குக் கிளம்பினார். லோட்டஸ் நிறுவனத்தில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு போனார். அங்கே அப்போது ஆள்குறைப்பு. பிரபம் அணியில் வரைவாளர் வேலை கிடைத்தது. அந்த அணியை வாங்கிய பெர்னி எக்கல்ஸ்டன், 1973-ல் மரேயைத் தலைமை வடிவமைப்பாளராக்கினார். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அங்கே அவர் செய்த குறும்பு ஒன்று பந்தய ரசிகர்களிடம் இன்றும் பேச்சு. 1978-ல் காரின் பின்புறம் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தினார். காருக்கு அடியில் இருக்கும் காற்றை அது உறிஞ்சி வெளியே தள்ள, கார் தரையோடு ஒட்டிக்கொண்டு வளைவுகளில் பறந்தது. எஞ்சினைக் குளிர்விக்கத்தான் விசிறி என்பது அணி சொன்ன சமாதானம். அந்த ஆண்டு சுவீடன் பந்தயத்தில் நிக்கி லௌடா அந்தக் காரில் வெற்றி பெற்றார். மற்ற அணிகள் கொதித்தெழுந்தன. வெற்றி செல்லும் என்றார்கள். ஆனால் அந்தக் கார் அடுத்த பந்தயத்துக்கு வரவில்லை. ஓடியது ஒரே பந்தயம், வென்றதும் அதே ஒன்று.

பிறகு 1981-லும் 1983-லும் நெல்சன் பிக்கே உலகப் பட்டம் வென்றது மரேயின் கார்களில்தான். 1987-ல் மெக்லாரன் அணிக்குத் தொழில்நுட்பப் பொறுப்பில் போனார். அடுத்த ஆண்டு அயர்டன் சென்னாவும் அலன் ப்ரோஸ்டும் ஓட்டிய மெக்லாரன் எம்பி4/4, நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. தோற்றது இத்தாலியில், மோன்சாவில் மட்டும்.

அந்த ஒரே தோல்விக்குப் பிறகு, மிலான் விமான நிலையத்தில், தாமதமான விமானத்துக்காக நான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அணித் தலைவர் ரான் டென்னிஸ், பங்குதாரர் மன்சூர் ஒஜ்ஜே, நிர்வாகி கிரைட்டன் பிரவுன், நம் மரே. பந்தயத்துக்கு மட்டும் கார் செய்தது போதும், சாலையில் ஓடும் உலகின் சிறந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தால் என்ன என்ற பேச்சு அங்கேதான் சூடுபிடித்தது. டர்பனில் கார் வாங்கக் காசில்லாமல் இருந்த பையனிடம், ‘நீ நினைத்த காரைச் செய்’ என்று இந்த முறை பணத்தோடு சொன்னார்கள்.

எப்படிச் செய்தார் தெரியுமா? ஓட்டுநர் இருக்கையை நடுவில் வைத்தார். இரண்டு பக்கமும் சற்றுப் பின்தள்ளி ஆளுக்கு ஓர் இருக்கை. இளமையிலேயே காகிதத்தில் வரைந்து பார்த்த யோசனை அது. காரின் உடற்கூட்டை முழுக்கக் கார்பன் இழையில் செய்தார். சாலைக் கார்களில் அப்போது அது புதுமை. பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை. எஞ்சின் பிஎம்டபிள்யூ செய்து கொடுத்தது. பன்னிரண்டு சிலிண்டர், 627 குதிரைத்திறன். எஞ்சின் எடை 250 கிலோ இருக்கவேண்டும் என்று மரே கேட்டிருந்தார், வந்தது 266 கிலோ. கேட்டதைவிட சக்தி நிறைய இருந்ததால் அந்தப் பதினாறு கிலோவை மன்னித்தார். முழுக் காரின் எடை 1,138 கிலோ. நம் சாலையில் ஓடும் பல குடும்பக் கார்கள் இதைவிடக் கனமானவை.

நம் அம்மாக்கள் ரசிக்கக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. எஞ்சின் அறையில் உள்பக்கம் தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் கெட்டிக்காரப் பொருள். ஒரு காருக்குச் சுமார் 16 கிராம், அதாவது இரண்டு பவுன். ஆடம்பரத்துக்காக ஒட்டியிருந்தால் கதவில் ஒட்டியிருப்பார். யாரும் பார்க்காத எஞ்சின் அறையில் ஒட்டினார். தேவை என்றால் தங்கத்தையே ஏற்றுவார். தேவையில்லை என்றால் வானொலிக்குக்கூட இடமில்லை.

1998-ல் அந்தக் கார் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அதற்கு முன்பே, 1995-ல், அதன் பந்தய வடிவம் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் முயற்சியிலேயே முதலிடம் பிடித்தது. பந்தயத்துக்காகவே பிறந்த கார்களை, சாலைக்குப் பிறந்த கார் முந்தியது. மொத்தம் செய்தது 106 கார்கள்தான். அவற்றில் ஒன்று 2021-ல் அமெரிக்காவில் இரண்டு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

மரே அதோடு ஓயவில்லை. 2020-ல், 74 வயதில், தன் சொந்த நிறுவனத்தின் பெயரில் டி.50 என்ற காரை வெளியிட்டார். அவருடைய ஐம்பதாவது வடிவமைப்பு. டர்பனில் கட்டிய அந்த முதல் காரைத்தான் டி.1 என்று எண்ணத் தொடங்கியிருந்தார். டி.50-லும் ஓட்டுநர் நடுவில்தான். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்றைத் தாண்டும், கியரைக் கையால்தான் மாற்றவேண்டும். பின்புறம்? 40 சென்டிமீட்டர் விசிறி. 1978-ல் ஒரே பந்தயத்தோடு ஓரம்கட்டப்பட்ட யோசனையை, நாற்பது ஆண்டுக்குமேல் மனத்தில் வைத்திருந்து சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம்.

நான்காம் படிவத்தில் என்னோடு படித்த பையன் ஒருவன் இருந்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டுவான். ஆசிரியர்களின் மோட்டார் ‘ஸ்டார்ட்’ ஆகவில்லை என்றால் வகுப்பிலிருந்து அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும், ‘போய்ப் படி’ என்று திட்டி அனுப்புவார்கள். வீட்டிலும் அதே திட்டு. அவனை யாரும் ஒரு பந்தயத்தடத்துக்குக் கூட்டிப் போனதில்லை. அவனுடைய கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டியவர்கள், சனிக்கிழமை நள்ளிரவு நெடுஞ்சாலையில் கூடுகிற கூட்டம் மட்டும்தான். பத்தொன்பது வயதில் அந்தச் சாலையிலேயே இறந்துபோனான். துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பாதி பிரித்த நிலையில் இன்னொரு மோட்டார் இருந்தது. அவன் அப்பா அதன் மேல் ஒரு கைலியைப் போட்டு மூடிவைத்திருந்தார்.

அதனால் அந்த அம்மாவின் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. சாலையில் பந்தயம் ஓட்டுவது சட்டப்படி குற்றம். எதிரே வருகிற, சம்பந்தமே இல்லாத குடும்பத்துக்கும் அது எமன். இதில் சமரசத்துக்கு இடமே கிடையாது. ஆனால் பயத்தில் நாம் முதலில் செய்வது என்ன? ஸ்பானரைப் பிடுங்குகிறோம். ஸ்பானர் வீட்டில் இருந்தால் பையனும் வீட்டில் இருப்பான். பட்டறையை மூடினால் ஆசை மூடிக்கொள்ளாது, சாலையைத் தேடிப் போகும்.

ஆகவே பெற்றோருக்கு மூன்று விஷயம் சொல்வேன்.

முதலாவது, அவன் செய்வதும் படிப்புதான் என்று அவனுக்கே காட்டுங்கள். மோட்டாரின் முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பல், பின்னால் 36 பல் என்று வைத்துக்கொள்வோம். 36-ஐ 15-ஆல் வகுத்தால் 2.4. முன்னால் 14 பல் போட்டால் 2.57. கிளம்பும் இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். இதை உங்கள் மகன் தூக்கத்திலும் சொல்வான். கணிதப் பாடத்தில் அவன் பயந்து ஓடுகிற ‘விகிதம்’ இதுதான் என்று யாராவது அவனிடம் சொன்னார்களா? இன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, பிரித்ததையும் மாற்றியதையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மரேயும் முதலில் காகிதத்தில் வரைந்தவர்தான்.

இரண்டாவது, வேகத்துக்கு உரிய இடத்தைக் காட்டுங்கள். சிப்பாங்கில் கோ-கார்ட் தடம் இருக்கிறது. மாதம் ஒரு முறை, தலைக்கவசத்தோடு, விதிமுறையோடு ஓட்டட்டும். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். கைதட்ட வீட்டு ஆள் இருந்தால், நள்ளிரவுக் கூட்டத்தின் கைதட்டல் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

மூன்றாவது, மேலே படிக்க வழி இருப்பதைச் சொல்லுங்கள். எஸ்பிஎம்முக்குப் பிறகு வாகனத் தொழில்நுட்பத்துக்கான திவேட் பயிற்சி நம் நாட்டில் இருக்கிறது. பொறியியல் பக்கம் போனால், உலகம் முழுக்க மாணவர்கள் சொந்தமாகப் பந்தயக் கார் கட்டிப் போட்டியிடும் ‘ஃபார்முலா ஸ்டூடன்ட்’ இருக்கிறது. மிகக் குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடும் வாகனத்தை மாணவர்கள் செய்யும் ‘ஷெல் எக்கோ-மாரத்தான்’ போட்டியின் ஆசியச் சுற்று 2010-ல் நம் சிப்பாங்கில்தான் நடந்தது. அங்கேயும் வெல்வதற்கு வழி ஒன்றுதான்: எடையைக் குறை.

எல்லாப் பிள்ளையும் கார்டன் மரே ஆகிவிட மாட்டார்கள். ஆகவேண்டியதும் இல்லை. நேர்மையாகத் தொழில் செய்யும் ஒரு நல்ல மெக்கானிக், விமானப் பராமரிப்பாளர், தொழிற்சாலைப் பொறியாளர் என்று எத்தனையோ பேர் இப்படி வாசலில் தொடங்கியவர்கள்தான். அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது பெரிய முதலீடு இல்லை. வாசலில் நல்ல வெளிச்சம் தரும் ஒரு விளக்கு, கருவிகளை வரிசையாக மாட்ட ஒரு பலகை, ‘இன்றைக்கு என்னப்பா பண்ணினே?’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வீட்டில் ஓர் ஆள். விளக்கும் பலகையும் ஐம்பது வெள்ளிக்குள் முடிந்துவிடும். மூன்றாவதை மட்டும் கடையில் வாங்க முடியாது.